ஏர்கான் எத்தனையில் ஓடுகிறது? தைராய்டு நோயாளியிடம் நான் கேட்கும் கேள்விகள்

தைராய்டு குறைந்தால் என்னென்ன வரும் என்று எந்த மருத்துவப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு பட்டியல் இருக்கும்: சோர்வு, எடை கூடுவது, மலச்சிக்கல், முடி கொட்டுவது, தோல் வறட்சி, மறதி, குளிர் தாங்காமை. இதை வைத்துக்கொண்டு எங்கள் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் போகும் ஐம்பது வயதைத் தாண்டிய எவரை நிறுத்திக் கேட்டாலும் பாதிக்கு மேல் "ஆமாம்" என்பார்கள். தைராய்டு கூடினால் வரும் பட்டியலும் அப்படித்தான்: வியர்வை, படபடப்பு, தூக்கம் வராமை, எரிச்சல். வருஷம் முழுக்க வெயிலும் மழையுமாக இருக்கும் ஊரில் "உங்களுக்கு அதிகமாக வியர்க்கிறதா?" என்று கேட்டால், யார்தான் இல்லை என்பார்கள்?

பலதுறை மருந்தகத்தில் தாதியாக நெடுநாள் வேலை பார்க்கிறேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் நோயாளியோடு உட்கார்ந்து விவரம் எடுப்பது என் வேலையில் பெரிய பங்கு. தமிழ் மட்டும் பேசும் பெரியவர்கள் வந்தால் பக்கத்து அறையிலிருந்தும் என்னைக் கூப்பிடுவார்கள். இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகிப்போன ஒரு விஷயம், பட்டியலைப் படித்துக் கேட்டால் தைராய்டு பிடிபடாது என்பது. அந்த ஹார்மோன் உடம்பில் என்ன வேலை செய்கிறது, அந்த வேலை குறைந்தாலோ மிஞ்சினாலோ இந்த மனிதரின் அன்றாடத்தில் எது மாறியிருக்கும் என்று யோசித்துக் கேட்க வேண்டும். புதிதாகப் பணிக்கு வரும் தாதியருக்கும், அப்பா அம்மாவை டாக்டரிடம் அழைத்துவரும் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஹார்மோனைப் பற்றிக் கொஞ்சம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கும் சுரப்பி தைராய்டு. எடை ஏறத்தாழ 20 கிராம்தான். அது பெருமளவு சுரப்பது தைராக்சின் என்ற டி4. கூடவே கொஞ்சம் டி3. டி4-இல் 4 அயோடின் அணுக்கள், டி3-இல் 3. செல்லுக்குள் போய் நேரடியாக வேலை செய்வது டி3. கல்லீரல், சிறுநீரகம், தசை என்று பல இடங்களில் டி4 ஓர் அயோடினை இழந்து டி3 ஆகிறது. ரத்தத்தில் இருக்கும் டி4 பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். டி3-க்கு ஒரு நாள் போதும்.

உடம்பு எவ்வளவு வெப்பம் உண்டாக்க வேண்டும், இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக நகர வேண்டும், கல்லீரல் எவ்வளவு கொழுப்பை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதிலெல்லாம் இந்த ஹார்மோனுக்குக் கை உண்டு. இதை மேலிருந்து கவனிப்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. தைராய்டு சுணங்கினால், வேலை நடக்காத இடத்தில் மேஸ்திரி குரலை உயர்த்துவது போல, அது டிஎஸ்எச் என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பும். தைராய்டு மிஞ்சிப் போனால் டிஎஸ்எச் அடங்கிவிடும். டி4-இல் சின்ன மாற்றம் வந்தாலே டிஎஸ்எச் பல மடங்கு ஏறி இறங்கும். டாக்டர்கள் முதலில் டிஎஸ்எச் பார்ப்பது அதனால்தான். ஆனால் அந்த எண் ஏன் அப்படி வந்தது என்று ரத்தம் சொல்லாது. ஆளைக் கேட்டால்தான் தெரியும்.

வெப்பத்தில் ஆரம்பிக்கிறேன். சிங்கப்பூரில் குளிர் தாங்குமா, சூடு தாங்குமா என்று பொதுவாகக் கேட்பதால் ஒன்றும் தெரியாது. "வீட்டில் ஏர்கான் எத்தனையில் ஓடுது? அதுக்காகச் சண்டை வருமா?" என்று கேட்பேன். பதில் உடனே வரும். கணவர் 24-இல் வைப்பார், இவர் எழுந்து அணைத்துவிடுவார். முன்பு இரண்டு பேரும் ஒரே போர்வையில் தூங்கியவர்கள், இப்போது அவர் ஹாலில் படுக்கிறார். இப்படி வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளலாம். "பஸ்ஸில் சால்வை எடுத்துட்டுப் போறீங்களா? எப்பயிருந்து?" என்பது அடுத்த கேள்வி. எப்பயிருந்து என்பதுதான் முக்கியம். பிறவியிலேயே குளிருக்குப் பயப்படுகிறவர் வேறு, போன தீபாவளிக்குப் பிறகு திடீரென்று சால்வை தேடுகிறவர் வேறு.

ஓர் அம்மா கொலஸ்ட்ரால் மருந்துக்காகத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கவேயில்லை. மருந்தின் அளவைக் கூட்டியபோது தொடை வலிக்கிறது, படியேற முடியவில்லை என்றார். சாப்பாட்டைச் சொல்லி எல்லாரும் அவரைக் கண்டித்துக்கொண்டிருந்தார்கள். அவரோ ஆட்டிறைச்சியைத் தொட்டே பல மாதமாகிவிட்டது என்று சத்தியம் செய்தார். அன்றைக்குக் காத்திருப்பு அறையில் அவர் மட்டும் ஸ்வெட்டரின் மேல் துப்பட்டாவைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். மகள் ஜொகூரில் இருக்கிறாராம். "போன்ல பேசுறப்பெல்லாம் ஏம்மா சளி பிடிச்சிருக்கான்னு கேக்குறா மிஸ்ஸி, எனக்குச் சளியே இல்ல" என்றார். குரல் கரகரத்து, ஒரு சுருதி இறங்கியிருந்தது. தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாத மாற்றம், எப்போதாவது குரலை மட்டும் கேட்கிற மகளுக்குத் தெரிந்திருக்கிறது. மலச்சிக்கல் உண்டா என்றதும் "அது வயசானா வர்றதுதானே" என்றார். புருவத்தின் வெளிப்பக்கம் மெலிந்திருந்தது. நாடித் துடிப்பு மெதுவாக இருந்தது. எல்லாவற்றையும் குறித்து டாக்டரிடம் கொடுத்தேன். டிஎஸ்எச் வெகுவாக ஏறியிருந்தது.

தைராய்டு குறைந்தால், எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து உறிஞ்சும் ஏற்பிகள் கல்லீரலில் குறைகின்றன; கொலஸ்ட்ரால் தேங்குகிறது. அந்த நிலையில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்து தந்தால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடும். கொலஸ்ட்ரால் திடீரென்று ஏறியவர், மருந்துக்கு மசியாதவர், மருந்தால் தசைவலி வந்தவர், இவர்கள் எல்லாரிடமும் தைராய்டு கேள்விகளைக் கேட்டுவிடுவது என் வழக்கம். பாவம், அந்த அம்மாவைச் சாப்பாட்டுக்காகத் திட்டியது அநியாயம்.

சோர்வைப் பற்றிக் கேட்பதிலும் இதே கதைதான். "டயர்டா இருக்கா?" என்றால் இந்த ஊரில் எல்லாரும் டயர்டுதான். அவர் முன்பு என்ன செய்துகொண்டிருந்தார், இப்போது எதை விட்டுவிட்டார் என்று கேட்க வேண்டும். "தேக்கா மார்க்கெட்டுக்கு இன்னும் நீங்கதான் போறீங்களா?" "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறது உண்டா?" "பேரனைத் தூக்கிட்டு இருந்தீங்களே, இப்ப?" விட்டுப்போன ஒரு வேலை, அது விட்டுப்போன காலம், இரண்டும் கிடைத்துவிட்டால் போதும்.

தைராய்டு மிஞ்சும்போது கேள்வி வேறு பக்கம் திரும்பும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறதா? பெல்ட்டில் எத்தனை ஓட்டை உள்ளே போயிருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போகிறது? உட்கார்ந்து எழும்போது கையை ஊன்ற வேண்டியிருக்கிறதா? கடைசிக் கேள்வி தொடைத் தசை, இடுப்புத் தசை பலவீனத்துக்கானது. கையை நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தால் நடுக்கம் கண்ணுக்குத் தெரியும். வயதானவர்கள் பலரிடம் இந்தப் பரபரப்பு ஒன்றும் இருக்காது என்பதையும் மறக்கக்கூடாது. தாத்தா சும்மா ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருப்பார், எடை குறைந்திருக்கும், இதயத் துடிப்பு மட்டும் தாறுமாறாக இருக்கும். மனச்சோர்வு என்றோ புற்றுநோய் என்றோ பயந்து அழைத்துவருவார்கள். புதிதாக ஒழுங்கற்ற இதயத் துடிப்பு கண்டுபிடிக்கப்பட்ட எல்லாருக்கும் தைராய்டு பார்ப்பது அதனால்தான்.

இளைஞர்களிடம் ஒன்று கட்டாயம் கேட்பேன்: ராத்திரி நிறையச் சோறு சாப்பிட்டுப் படுத்து, அல்லது கடுமையாக வேலை செய்து ஓய்ந்து, காலையில் எழுந்தால் கால் இரண்டும் அசையாமல் போனதுண்டா? தைராய்டு மிஞ்சிய ஆண்களில் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் சட்டென்று இறங்கி இப்படித் தற்காலிகமாகச் செயலிழக்கும். கிழக்காசிய ஆண்களிடம் அதிகம் காணப்படுவது, ஆனால் நம் ஆட்களுக்கும் வரும். சீன இளைஞர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்களும் ஒரே வரிசையில் உட்காரும் இந்த ஊரில் இதை விட்டுவிடக்கூடாது. ஒரு தம்பி என்னிடம் சொன்னது: "தங்குவிடுதில எல்லாரும் லாரிக்குக் கிளம்பிட்டாங்கக்கா, நான் மட்டும் கட்டில விட்டு எறங்க முடியல. மதியத்துக்குள்ள சரியாயிடுச்சு, அதான் யார்கிட்டயும் சொல்லல." சரியாகிவிடும் என்பதே இதில் ஆபத்து. பொட்டாசியம் மிகக் குறைந்தால் இதயத் துடிப்பு கெட்டு உயிருக்கே வினையாகலாம். மறுபடி வந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்கச் சொல்லிவிடுவேன்.

குடும்ப வரலாறு கேட்கும்போது "வீட்டில் யாருக்காவது தைராய்டு இருக்கா?" என்றால் பெரும்பாலும் "இல்ல" என்று முடிந்துவிடும். "அம்மாவோ அக்காவோ தினம் காலையில வெறும் வயித்துல ஒரு சின்ன மாத்திரை போடுவாங்களா?" "யாருக்காவது கழுத்துல தையல் தழும்பு இருக்கா?" என்று கேட்டால் ஞாபகம் வரும். வெண்புள்ளி, சிறுவயதிலேயே இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு, இவை குடும்பத்தில் உண்டா என்றும் கேட்கிறேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்கும் போக்கு இப்படிக் கூட்டாக வருவதுண்டு. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த தைராய்டு அழற்சியும் அந்த வகைதான்.

அம்மாவோடு மகன் வந்து மொழிபெயர்க்கும்போது ஒரு சங்கடம் உண்டு. மாதவிடாய் பற்றி மகன் கேட்கமாட்டார், அம்மா சொல்லமாட்டார். தைராய்டு குறைந்தால் ரத்தப்போக்கு அதிகமாகும், மிஞ்சினால் குறையும், தள்ளிப்போகும். இது தெரியாமல் விவரம் முழுமை பெறாது. "தம்பி, அம்மாவோட மருந்துச் சீட்டுக்குப் போய் வரிசை எண் எடுத்துட்டு வாங்களேன்" என்று அனுப்பிவிட்டுக் கேட்பேன். அந்த ஐந்து நிமிஷத்தில், கருச்சிதைவு, மனசு சரியில்லாமை, இரவில் அழுவது என்று மற்றதும் வெளியே வந்துவிடும்.

இனி மருந்து. என் அனுபவத்தில், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களின் டிஎஸ்எச் ஏறி இறங்குவதற்குச் சுரப்பியைவிட மாத்திரை உள்ளே போகும் விதமே அதிகம் காரணமாக இருக்கிறது. "மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்பது உபயோகமில்லாத கேள்வி, மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "காலையில எழுந்ததிலிருந்து பத்து மணி வரைக்கும் வாயில என்னென்ன போகுதுன்னு வரிசையா சொல்லுங்கம்மா" என்று கேட்பேன். பதில் இப்படி வரும்: "எழுந்து சாமி கும்பிட்டுட்டு, கோப்பி போட்டு, அப்புறம் எல்லா மாத்திரையும் ஒண்ணாப் போட்டுக்குவேன்." அந்த எல்லா மாத்திரையிலும் கால்சியம் இருக்கும், இரும்புச்சத்து இருக்கும். தைராய்டு மாத்திரையான லீவோதைராக்சின் குடலில் இவற்றோடு ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். காப்பியும் சோயா பாலும்கூட உறிஞ்சுவதைக் குறைக்கும். தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோப்பியும் பசியாறலும். கால்சியம், இரும்புச்சத்து இரண்டும் 4 மணி நேரம் தள்ளி. ஏழு நாள் டப்பாவில் காலை அறையில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு வைக்கும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். தைராய்டு மாத்திரைக்குத் தனி டப்பா நல்லது.

காலை பரபரப்பில் முடியாது என்கிறவர்கள், இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கப் போகுமுன் போடலாம். நோன்பு மாதத்தில் நம் முஸ்லிம் நோயாளிகளுக்கும் இது தோதாக இருக்கிறது. இல்லாவிட்டால் சஹர் உணவுக்கு அரை மணி முன்பு. எதுவானாலும் நோன்பு தொடங்குமுன் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ பேசி வைத்துக்கொள்வது நல்லது.

விட்டுப்போனதைக் கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். "விட்டீங்களா?" என்றால் குற்றம் சாட்டுவது மாதிரி. "எல்லாருக்கும் சில நாள் விட்டுப்போகும், போன ரெண்டு வாரத்துல உங்களுக்கு எத்தனை நாள்?" என்றால் உண்மை வரும். டிஎஸ்எச் அதிகமாகவும் டி4 சரியாகவும் வந்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: பல வாரம் விட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனை வருகிறதே என்று கடைசிச் சில நாள் மட்டும் போட்டிருப்பாரோ? டி4 சீக்கிரம் ஏறிவிடும், டிஎஸ்எச் இறங்க வாரக்கணக்காகும். மருந்தின் அளவை மாற்றிய பின் 6 முதல் 8 வாரம் கழித்துப் பரிசோதிப்பதும் இதே காரணத்தால்தான். "ரெண்டு வாரம் சாப்பிட்டேன், ஒண்ணும் தெரியல" என்று நிறுத்திவிட்டு வருகிறவர்களிடம் டி4-இன் அந்த 7 நாள் கணக்கைச் சொல்லிப் புரியவைப்பேன். பரிசோதனை அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடச் சொல்கிறேன்.

"ஆயுசு முழுக்கவா மாத்திரை?" என்று கலங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஜார்ஜ் மரேயின் நோயாளியைப் பற்றிச் சொல்வேன். 1891-இல் அந்த ஆங்கில மருத்துவர், தைராய்டு வற்றிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அதற்கு முன் இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். நம் உடம்பு தர வேண்டிய பொருளைத்தான் வெளியிலிருந்து தருகிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் மனசு ஆறும்.

மருந்து என்று நோயாளிகள் கணக்கில் சேர்க்காதவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். இதில் முதலிடம் பயோட்டின் என்ற பி வைட்டமினுக்கு. முடி கொட்டுகிறது என்று அழகுக் கடையிலோ ஆன்லைனிலோ வாங்கிச் சாப்பிடுவார்கள். சில ஆய்வுக்கூட முறைகளில் பயோட்டின் பரிசோதனையையே குழப்பிவிடும். டிஎஸ்எச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். தைராய்டு குறைந்து முடி கொட்டும் ஒருவர், முடிக்கு மாத்திரை சாப்பிட்டு, தைராய்டு மிஞ்சியவராகத் தாளில் தெரிவார். "முடிக்கு, நகத்துக்கு, தோலுக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று பெயர் சொல்லியே கேட்கிறேன். ஆமாம் என்றால், குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்வோம். அதிக அளவில் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் நாளாகும்.

இதயத்துக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர்களையும் பார்க்க வேண்டும். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். மனநல மருந்தான லித்தியமும் தைராய்டைக் குறைக்கும். சமீபத்தில் அயோடின் உள்ள சாயம் செலுத்தி ஸ்கேன் எடுத்தார்களா, கடற்பாசி மாத்திரை உண்டா, எடை குறைக்க ஏதாவது, ஊரிலிருந்து வந்த நாட்டு மருந்து ஏதாவது? முகம் சுளிக்காமல் கேட்டால்தான் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். சென்னையிலிருந்து வாங்கிவந்த தைராக்சின் பாட்டிலை வைத்திருப்பவர்களிடம் மைக்ரோகிராம் அளவைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். "சின்ன வெள்ளை மாத்திரை" என்பது போதாது.

பிள்ளை பெற்ற பெண்களைப் பற்றி எனக்குக் கூடுதல் அக்கறை. பிரசவத்துக்குப் பின் ஓராண்டுக்குள் சிலருக்குத் தைராய்டு அழற்சி வரும். முதலில் சில வாரம் ஹார்மோன் கசிந்து படபடப்பு, எடை இறக்கம். பிறகு குறைந்து சோர்வு, முடி கொட்டுதல், அழுகை. சிலருக்கு ஒரு பகுதி மட்டுமே வரும். பத்தியம் முடிந்தும் தேறவில்லை, பால் கொடுப்பதால் இளைக்கிறாள், தூக்கமில்லை என்று வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். குழந்தை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியவில்லையா, நெஞ்சு அடித்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு என்று சந்தேகப்படும்போதும் தைராய்டைப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஏற்கெனவே லீவோதைராக்சின் சாப்பிடும் பெண் கருவுற்றால் தேவை சீக்கிரமே கூடும், பலருக்குக் கால் பங்கிலிருந்து பாதி வரை. சுமார் 12 வாரம் வரை குழந்தை தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. அதனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. கர்ப்பம் உறுதியான அன்றே அழைக்கச் சொல்லி, என்ன செய்வது என்று டாக்டர் முன்கூட்டியே எழுதித் தருவது எவ்வளவோ நல்லது. தைராய்டு மிஞ்சுவதை அடக்கும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கருவுறத் திட்டமிடும்போதே சொல்லிவிட வேண்டும், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். கார்பிமசோல் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு தடவையும் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்ததா என்று கேட்கிறேன். அபூர்வமாக அது வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். இந்த அறிகுறிகள் வந்தால் மருந்தை நிறுத்தி, அன்றே ரத்த அணுக்களைப் பரிசோதிக்க வேண்டும், நள்ளிரவானாலும் சரி.

கழுத்துக் கட்டியைப் பார்ப்பது டாக்டரின் வேலை என்றாலும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லலாம்; தைராய்டு வீக்கம் விழுங்கும்போது மேலே ஏறும். வேகமாக வளர்கிறதா, குரல் மாறிவிட்டதா, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா, சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டா, குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் உண்டா என்ற கேள்விகளை விடக்கூடாது.

நோயாளி சொன்னதை நான் கூடியவரை அவர் சொன்னபடியே பதிவு செய்கிறேன். "சோர்வு உண்டு" என்று எழுதினால் அடுத்த முறை எதோடு ஒப்பிடுவது? "முன்பு தேக்காவிலிருந்து பையோடு நடந்து வருவார், ஆறு மாதமாக மகள் போகிறார், ஏர்கானை அணைத்துவிடுகிறார், மூன்று நாளுக்கு ஒரு முறை மலம், மகள் போனில் குரல் மாற்றத்தைச் சொன்னார்" என்று எழுதி வைத்தால், 8 வாரம் கழித்து வேறு தாதி உட்கார்ந்திருந்தாலும் அதே நான்கையும் கேட்டு டிஎஸ்எச் எண்ணுக்குப் பக்கத்தில் பதிலை எழுத முடியும்.